மேட்டுப் பக்கம் அளந்த கதவு

ஹட்டன் ஸ்டேஷன் சாமான் கொட்டகையிலிருந்து வெளியே வந்த கைவண்டியைப் பஜாரே நின்று பார்த்தது.

வண்டியில் சாக்குச் சுற்றிய ஒரு நீளமான உருளை. அதன் மேல் இரண்டு இரும்புச் சட்டங்கள். வண்டிக்குப் பின்னால், ஒரு கையால் உருளையைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் ஒரு தகரப் பெட்டியோடு நடந்து வந்தவன் அலோசியஸ். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறான்.

"யாரு, நம்ம மரியநாயகம் டிரைவர் மகனா? என்னாடா தம்பி அது, பீரங்கியா?"

"கதவு அண்ணே."

"கதவா? கதவ எவனாச்சும் பாய் மாதிரி சுருட்டுவானாடா!"

சிரித்தார்கள். அலோசியசும் சிரித்தான். ஆனால் தலையைக் குனியவில்லை. அந்த உருளையில் ஒவ்வொரு தகட்டையும் மடித்தவன் அவன். கொழும்புப் பட்டறையில் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நின்று செய்தது. யாருடைய கைக்கும் விடாத வேலை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு மரியநாயகத்தின் பழைய கராஜ் கதவை நினைவிருக்கும். ரோட்டுப் பக்கமாகத் திறக்கிற இரட்டைப் பலகைக் கதவு. மழைக்காலத்தில் ஊறிப் பருத்து, இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தால்தான் அசையும். போன மாதம் ஒரு விடியற்காலையில் காற்று ஒரு கதவைப் பிடுங்கி அவருடைய இடது தோளில் அடித்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்கிறது.

காரை ஓட்டுவதற்கு அந்தக் கை போதும். கியருக்கு எட்டும். கராஜைத் திறப்பதற்குத்தான் போதாது.

ஒரு மாதமாகப் பக்கத்து இரும்புக்கடை பைஸர் நானாவின் ஆட்கள் வந்து திறந்து கொடுக்கிறார்கள். தன் காரைத் தன் வீட்டிலிருந்து எடுக்க ஊரானைக் கூப்பிட வேண்டிய நிலைமை. மரியநாயகத்துக்கு அது தோள் வலியை விடப் பெரிய வலி.

அவர் றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் கொழுந்து எடுத்தவர்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட காலத்தில் பதிவு கிடைத்த கொஞ்சப் பேரில் அவரும் ஒருவர். பழைய ஒஸ்டின் ஒன்றை வாங்கி, ஹட்டன் ஸ்டேண்டில் ஹயருக்கு ஓட்டி, கோயில் ரோட்டில் சொந்தமாக ஒரு வீடும் கராஜும் கட்டினார். "நாங்க எட்டுப் பேரு படுத்த லயத்துக் காம்பராவ விட இப்ப என் காரு படுக்கிற எடம் பெருசு" என்று ஸ்டேண்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காருக்குத்தான் இன்று தீர்ப்பு நாள்.

மனைவி ஜோசப்பினின் அண்ணன் சவரிமுத்து மஸ்கெலியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறார். அவருடைய மகனிடம் லைசென்ஸ் இருக்கிறது. "கதவு தொறக்க ஆள் வர்ற வரைக்கும் காரு சும்மா கெடந்து துருப்பிடிக்கும் மச்சான். எங்கிட்ட குடுங்க, மஸ்கெலியா ஸ்டேண்டில விடுறோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மரியநாயகம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"கிறிஸ்தோப்பர் திருநாளன்னைக்கு சாமி வந்து கார மந்திரிப்பாரு. அன்னைக்கு யாரையும் கூப்பிடாம, ஒத்தக் கையால என் கராஜ நானே தொறக்கணும். ஏலாட்டி சாவிய வாங்கிக்கங்க."

வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காவலான அந்தப் புனிதரின் திருநாள் இன்றைக்கு.

ஒற்றைக் கையால் திறக்கிற கதவு என்று ஒன்று உலகத்தில் உண்டென்று மரியநாயகத்துக்குச் சொன்னவர் பைஸர் நானா. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போன இடத்தில் அலோசியசைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அளவையும் அவர்தான் வாயால் கொண்டுபோனார். ஏனென்றால் அப்பனும் மகனும் நேராகப் பேசுவதில்லை. "ஒங்க சீட்டுல நான் ஒக்கார மாட்டேன்ப்பா, எனக்கு இரும்பு வேலதான் வேணும்" என்று சொல்லிவிட்டு அவன் ரயில் ஏறிய நாளிலிருந்து இப்படித்தான்.

கைவண்டி வீட்டு வாசலில் நின்றது.

மரியநாயகம் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரை ரோட்டோரம் நிறுத்தி, பழைய கதவுகளைக் கழற்றிப் பின்னால் சாத்தி வைத்தாகிவிட்டது. கராஜின் வாய் திறந்து கிடந்தது.

"ஜோசப்பின், வந்தவனுக்கு டீ குடு" என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

"அப்பா சாப்பிட்டாராம்மா?" என்றான் அலோசியஸ். அப்பா இருப்பது நாலடி தூரத்தில்.

ஜோசப்பின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்னா, தபால் கந்தோரா? ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல முத்திரை குத்திக்கிட்டு நிக்கிறதுக்கு?"

சொல்லிவிட்டு மகனுடைய தகரப் பெட்டியைத் தூக்கினாள். நினைத்ததை விடக் கனத்தது.

"என்னாடா இந்தக் கனம்? ஒரு கெழம லீவுன்னுதானே நானா சொன்னாரு?"

"சாமானும்மா. வேலச் சாமான்."

அவன் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

காலை வேலை மளமளவென்று நடந்தது. பைஸர் நானா கடையிலிருந்து இரவல் வாங்கிய ஸ்பேனரால், மேல்விட்டத்துக்கு உட்புறம் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளை முடுக்கினான். அதன் மேல் உருளையை ஏற்ற பைஸர் நானாவும் அவருடைய ஆட்களும் கை கொடுத்தார்கள்.

ஜோசப்பினுக்கு மகன் செய்வதைப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. "எப்பிடிடா இந்த இரும்பெல்லாம் ஒத்தக் கையில தூக்க முடியும்? ஒங்கப்பாவுக்கு அரிசி மூட்டையே தூக்க ஏலாது இப்ப."

"கை தூக்காதும்மா. இந்தக் கொழாய்க்குள்ள ஸ்ப்ரிங் இருக்கு, பாருங்க. கதவு கீழ எறங்கயில அது முறுக்கிக்கும். மேல ஏறயில அந்த முறுக்கு அவிழ்ந்து கதவத் தூக்கும். பாரத்தச் சொமக்கிறது அதுதான். மனுசன் சும்மா வழி காட்டுனாப் போதும்."

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி."

"ஆமா. அதேதான்."

"காத்தடிச்சா?"

"கதவு ரோட்டுக்கே வராதேம்மா! வெளிய தொறந்தாத்தானே காத்து பிடிக்கும்? இது மேல ஏறிச் சுருண்டுக்கும். ரெண்டு பக்கமும் இந்தச் சட்டத்துக்குள்ள ஓடும். மழையில ஊதாது. ஒருத்தர் தோளயும் ஒடைக்காது."

கடைசி வார்த்தையைச் சற்று உரக்கச் சொன்னான். கார்ப் பக்கம் கண்ணாடி துடைக்கிற சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

பக்கச் சட்டங்களை நிறுத்தும்போதுதான் அலோசியசின் முகம் மாறியது.

கோயில் பக்கத்துச் சட்டம் தரையில் சரியாக உட்கார்ந்தது. பஜார் பக்கத்துச் சட்டம் உட்காரவில்லை. அதன் கால் ஒரு சாண் உயரத்தில் தொங்கியது.

அவன் ஒரு கல்லை எடுத்து அதன் கீழே செருகினான். பைஸர் நானா விடுவாரா?

"மகன், இந்தக் கால் அந்தரத்துல இரிக்கே?"

"தெரியுது நானா."

"சட்டம் குட்டையா?"

"சட்டம் சரிதான். ரோடு சரிவு."

கோயில் ரோடு அப்படித்தான். கோயில் பக்கம் மேடு, பஜார் பக்கம் பள்ளம். கராஜின் வாயும் அந்தச் சரிவோடுதான் கிடந்தது. மேல்விட்டம் மட்டமாக இருந்தது, கீழே தரை சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் உயரம் குறைவு, மறு பக்கம் கூட.

இந்த மலையில் எதை அளந்தாலும் மேட்டுப் பக்கம் பிடித்துத்தான் அளப்பார்கள். தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவனும் அப்படித்தான், லயத்துக்குச் சுவர் வைக்கிறவனும் அப்படித்தான். பள்ளத்துப் பக்கம் தானாக வந்து சேரும், கல்லைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்பது இங்கே சொல்லித் தெரிய வேண்டாத விஷயம். மரியநாயகமும் மேட்டுப் பக்கம் அளந்து ஒரே ஒரு உயரத்தைச் சொல்லியனுப்பினார்.

கொழும்பில் தரை தட்டாக இருக்கும். ஒரு உயரம் போதும். இரண்டு வருஷம் அங்கே வேலை செய்தவனுக்கு மறுபக்கத்து உயரத்தையும் கேட்க வேண்டுமென்று தோன்றவே இல்லை.

"அட, மலையில பொறந்தவன் சரிவ மறந்துட்டானே!" என்றது ஒரு குரல்.

சவரிமுத்து வந்துவிட்டார். மஸ்கெலியா பஸ்ஸில் நசுங்கிய சட்டையோடு, கையில் ஒரு பொதி பேரிக்காயோடு நின்றார்.

"வாங்க மாமா" என்றான் அலோசியஸ்.

"வந்துட்டேன்டா மருமகனே. வேலைய முடி, பாப்போம்."

முடித்தான். தகடுகளைச் சட்டத்துக்குள் இறக்கினான். ஸ்ப்ரிங்கை முறுக்கினான். மத்தியான மணி அடிக்கிற நேரத்தில் கதவு முதன்முதலாகக் கடகடவென்று கீழே இறங்கியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். சாம்பல் நிறத்தில், வரிவரியாக, கொழுந்து மலை தூரத்தில் தெரிகிற மாதிரி ஒரு கதவு. ஜோசப்பினுக்கு நெஞ்சு நிறைந்து போனது.

ஆனால் கோயில் பக்கத்து முனை தரையில் தட்டியதும் கதவு நின்றுவிட்டது. பஜார் பக்கத்தில் கீழே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சந்தில் பக்கத்து வீட்டு நாய் தலையை நுழைத்தது. பிறகு நிதானமாக உடம்பையும் நுழைத்து உள்ளே போனது.

எல்லாரும் சிரித்தார்கள். சவரிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மச்சான், இது காருக்குக் கதவா, நாய்க்குக் கதவா?"

மரியநாயகம் சிரிக்கவில்லை.

"தொறக்குதா இல்லியாங்கிறது வேற கத மச்சான்" என்றார் சவரிமுத்து, குரலைத் தணித்து. அவர் கெட்ட மனுசன் இல்லை. "இந்தச் சந்த வச்சுக்கிட்டு உள்ள கார விட்டுட்டு நீங்க தூங்குவீங்களா? எவனாச்சும் படுத்தபடியே உள்ள போயி பேட்டரிய கழட்டிக்கிட்டுப் போவான். காரு எங்கிட்ட இருந்தா ஒங்களுக்கும் நிம்மதி."

மரியநாயகத்தின் வலது கை சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

"ஜோசப்பின்" என்றார். "அவன்கிட்ட கேளு. சாயங்காலம் சாமி வர்றதுக்குள்ள இத அடைக்க முடியுமா, முடியாதா?"

அலோசியஸ் தரையில் குந்தி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சீமெந்து போட்டு ஒசத்தலாம்மா. காய்றதுக்கு நாளாகும். இந்த மழையில காயவும் காயாது." சந்துக்குள் கையை விட்டு ஒரு சாண் பிடித்துப் பார்த்தான். "அப்பாவக் கேட்டிருக்கணும். ரெண்டு பக்கமும் அளந்து சொல்லுங்கன்னு நான் கேக்கல."

"அவரும் சொல்லல. ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசியிருந்தா இந்த வெனையே இல்ல."

சொல்லிவிட்டு ஜோசப்பின் பின்பக்கம் போனாள். மத்தியானச் சோறு அடுப்பில் இருந்தது. போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தாள்.

"டேய், இங்கிட்டு வா. வந்து பாரு."

பின்னால், சீமெந்து போட்ட இடத்தில், பழைய கதவுகள் சுவரில் சாத்தியிருந்தன. இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. விழாமலிருக்க ஒரு பக்கத்தில் கல்லை வைத்திருந்தாள்.

"காலையில இருந்து நானும் நிமித்தி நிமித்தி வக்கிறேன், நேரா நிக்க மாட்டேங்குது. இப்பத்தான் மண்டையில ஒறைக்குது. தர இங்க மட்டமா இருக்கு. கதவோட கால்தான் சரிவு. இந்தக் கதவு செய்யயில ஒங்கப்பா ரோட்டுச் சரிவுக்கு ஏத்த மாதிரியே அடியச் சாய்ச்சு அறுத்திருக்காரு."

அலோசியஸ் குனிந்து பார்த்தான். விரலால் அடிப்பலகையைத் தடவினான். ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, இரண்டு கதவையும் சேர்த்து வைத்தால் மறு முனையில் ஒரு சாண். அந்தச் சந்தின் அச்சு அப்படியே மரத்தில் இருந்தது.

"அம்மா!" என்றான். "அந்தக் காலை மட்டும் அறுத்து என் கதவோட அடியில முடுக்கினா..."

"மடையா, அதத்தானே நானும் சொல்றேன்!"

மரியநாயகம் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது.

அந்தக் கதவு அவருடைய கையால் செய்தது. வீட்டில் சமையலறைக்குக் கூரை போடுவதற்கு முன்னாலேயே கராஜுக்குக் கதவு போட்டவர் அவர். தோளை உடைத்த கதவுதான். ஆனாலும் அதை விறகுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஜோசப்பின் அவரைப் பார்த்தாள். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். சரி, கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தாள். திரும்பி வரும்போது கையில் ரம்பம் இருந்தது.

"ஜோசப்பின், அவன்கிட்ட சொல்லு. வடக்குப் பக்கக் கதவுல ஒரு முடிச்சு இருக்கு. அந்த எடத்துல ரம்பம் எகிறும். மெதுவா விடணும்."

"அப்பாகிட்ட சொல்லுங்கம்மா. பலகைய அவரு கால வச்சு மிதிச்சுக்கிட்டா நேரா வரும்."

அவர் மிதித்துக்கொண்டார். அவன் அறுத்தான். ஜோசப்பின் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பார்க்கப் போனாள்.

பைஸர் நானா கடையிலிருந்து போல்ட்டும் நட்டும் கொண்டு வந்தார். "என் கடை போல்ட் இல்லாம ஹட்டன்ல எந்தக் கதவு நின்டிருக்கு? செல்லுங்க பாப்பம்!"

பலகை பொருந்தியது. கதவை இறக்கினார்கள். கோயில் பக்கத்திலிருந்து பஜார் பக்கம் வரை தரையோடு தரையாக உட்கார்ந்தது. மேலே சாம்பல் நிறத் தகடு. கீழே பழைய பச்சைப் பெயின்ட் அடித்த பலகை. பக்கத்து வீட்டு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"தொறங்க மச்சான்" என்றார் சவரிமுத்து.

மரியநாயகம் வலது கையைக் கைப்பிடியில் வைத்துத் தூக்கினார். கதவு முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் பல்லைக் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கையை விட்டதும் கதவு தொப்பென்று கீழே விழுந்தது.

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது சிரித்ததை விட மோசமாக இருந்தது.

"பலகையோட பாரம்" என்றான் அலோசியஸ். "ஸ்ப்ரிங்க தகட்டுக்கு மட்டுந்தான் முறுக்கியிருக்கேன். இப்ப மரமும் சேர்ந்திருச்சு. இன்னும் கொஞ்சம் முறுக்கணும்."

"அப்ப முறுக்கு" என்றாள் ஜோசப்பின்.

"தனியா ஏலாதும்மா. முதல் முறுக்கு லேசு. இது மேல இன்னொன்னுன்னா ரெண்டு ஆள் வேணும். ரெண்டு கம்பி. ஒருத்தர் பிடிச்சு நிக்கயில மத்தவர் அடுத்த தொளையில கம்பிய விட்டுத் திருப்பணும். பிடிச்சவர் கை நழுவுச்சுன்னா அவ்வளவுதான். கம்பி சுத்தி வந்து மூஞ்சியப் பேத்துடும்."

பைஸர் நானா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. கீழே பஜார் முனையில் பங்குச் சாமியாரின் கறுப்புக் குடை தெரிந்தது.

கதவைக் கையால் தள்ளி மேலே சுருட்டி, நழுவாமல் இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்தான் அலோசியஸ். ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று முதல் கம்பியைத் துளையில் விட்டான். இரண்டாவது கம்பியைப் பிடிக்க யார் என்று திரும்பினான்.

மரியநாயகம் பக்கத்தில் இன்னொரு பெட்டியைப் போட்டு ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒங்க தோளு!" என்றாள் ஜோசப்பின்.

"பிடிக்கிறதுக்குத் தோள் எதுக்கு? கை போதும்."

இரண்டாவது கம்பியை வலது கையால் பிடித்தார். மலைப் பாதையில் பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. மூடுபனியில், மண் சரிந்த வளைவில், ஒரு தடவை கூட நழுவவிடாத கை.

அலோசியஸ் ஒரு நொடி தயங்கினான். அவனுடைய முகமும் அப்பாவுடைய முகமும் ஒரு முழ தூரத்தில் இருந்தன. கம்பி சுழன்றால் முதலில் அடி விழுவது இவன் மேல்தான். அது இருவருக்கும் தெரியும்.

ஜோசப்பின் வாயைத் திறந்தாள். இவர் சொல்வதை அவனிடம் சொல்ல, அவன் சொல்வதை இவரிடம் சொல்ல. தேவைப்படவில்லை.

"பிடிச்சிருக்கேன்டா" என்றார் மரியநாயகம். "நீ சுத்து."

இரண்டு வருஷத்தில் மகனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"விட்றாதீங்கப்பா."

"எப்ப விட்டிருக்கேன்?"

அலோசியஸ் தன் கம்பியை எடுத்து அடுத்த துளையில் விட்டுத் திருப்பினான். உருளைக்குள்ளே ஸ்ப்ரிங் முனகியது. முழுப் பாரமும் ஒரு கணம் மரியநாயகத்தின் ஒற்றைக் கைக்கு வந்தது. மணிக்கட்டு வெளுத்தது. கம்பி அசையவில்லை.

"இன்னொரு அரைச் சுத்துப்பா."

"சுத்துடா, பேசாம."

திருப்பி, ஆணியைச் செருகிப் பூட்டினான். "விடுங்கப்பா. பூட்டியாச்சு."

அவர் உடனே விடவில்லை. "நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"ரெண்டு தரம் பாரு."

இரண்டாவது தரமும் பார்த்தான். அதன் பிறகுதான் அவர் கையை எடுத்தார். உள்ளங்கையில் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

பங்குச் சாமியார் வந்து சேர்ந்தபோது தெருவில் ஒரு சின்னக் கூட்டமே நின்றது. ஸ்டேண்டு டிரைவர்மார், கோயில் ஆட்கள், பைஸர் நானாவின் கடையில் ஆணி வாங்க வந்து நின்றுவிட்டவர்கள்.

"தோத்திரம் சாமி."

"என்ன மரியநாயகம், கார மந்திரிக்கக் கூப்பிட்டுட்டு எல்லாரும் கதவப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"முதல்ல கதவு சாமி. அப்பறந்தான் காரு."

கதவைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். மரியநாயகம் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார், எல்லாரும் பார்க்கட்டும் என்று. குனிந்து வலது கையைக் கைப்பிடியில் வைத்தார்.

தூக்கினார்.

தூக்கினார் என்று சொல்வது கூடச் சரியில்லை. கை மேலே போனது, கதவு அதன் கூடவே போனது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அதற்கு மேல் அவர் விட்டுவிட்டார். கதவு தானாகவே கடகடவென்று ஏறிச் சுருண்டு நின்றது. பச்சைப் பலகை மட்டும் வாசலுக்கு மேலே ஒரு நெற்றிப்பட்டி மாதிரித் தெரிந்தது.

"யா அல்லாஹ்!" என்றார் பைஸர் நானா. ஸ்டேண்டு டிரைவர்மார் கை தட்டினார்கள்.

சாமியார் அண்ணாந்து பார்த்தார். "அழகா இருக்கே. எங்க வாங்கினது? கொழும்புலயா?"

"வாங்கினது இல்ல சாமி" என்றார் மரியநாயகம். தெரு முனை வரை கேட்கிற குரல். ஹயர் கூப்பிடும்போது ஸ்டேண்டில் அவர் போடுகிற குரல் அது. "செஞ்சது. இரும்பு என் மகனோடது. அடியில இருக்கிற பலக என்னோடது."

அலோசியஸ் சட்டென்று குனிந்து சிந்திக் கிடந்த நட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். பொறுக்க அங்கே அவ்வளவு நட்டு இல்லை.

சாமியார் கதவிலும் காரிலும் தீர்த்தம் தெளித்தார். மரியநாயகம் காரில் ஏறி, ஒருவர் உதவியும் இல்லாமல், ரோட்டிலிருந்து பின்னால் எடுத்து உள்ளே விட்டார். இறங்கி வந்து சாவியை விரலில் சுற்றினார்.

சவரிமுத்து அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"மச்சான், ஒரு வார்த்த கேக்கவா?"

"சாவியத் தவிர எத வேணும்னாலும் கேளுங்க."

"சாவிய யாரு கேட்டா? மஸ்கெலியாவில எங்க கொட்டகைக்கும் இந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுப்பானான்னு கேட்டுச் சொல்லுங்க."

"நீங்களே கேளுங்க. அவன் ஒண்ணும் தூரத்தில இல்ல."

பேரிக்காய்ப் பொதி அவிழ்ந்தது. டீ வந்தது. மழை வலுத்ததும் கூட்டம் கலைந்தது. கடைசி பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன் சவரிமுத்துவும் ஒரு தடவை கதவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மரியநாயகம் உள்ளே வரவில்லை. கராஜில் கதவு ஏறுகிற சத்தம் கேட்டது. இறங்குகிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஏறியது.

"சின்னப் புள்ளையாட்டம்" என்று சிரித்துக்கொண்டே ஜோசப்பின், நனைந்து வந்த மகனுக்கு மாற்றுச் சட்டை எடுக்க அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தாள்.

மேலே சட்டை. அதன் கீழே இன்னும் சட்டைகள், அவனிடம் இருந்த எல்லாச் சட்டையும். போன தவக்காலத்தில் பைஸர் நானா கையில் அவள் கொடுத்தனுப்பிய கம்பளி. பட்டறையில் டீ குடிக்கிற இரும்புக் கோப்பை. எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்து அமுக்கி வைத்த அவனுடைய தலையணை.

வேலைச் சாமான் ஒன்றுகூட அதில் இல்லை.

ஜோசப்பின் நிமிர்ந்தாள். ஈரத் தலையோடு அலோசியஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவள் கையிலிருந்த தலையணையை அவன் பார்த்தான்.

"ஒரு கெழம லீவுக்கு வர்றவன்" என்றாள் அவள், குரலைத் தணித்து, "தலகாணிய எதுக்குடா சொமந்துக்கிட்டு வந்த?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கராஜிலிருந்து மரியநாயகத்தின் குரல் வந்தது, நேராக, நடுவில் யாரும் இல்லாமல்:

"டேய் அலோசியஸ்! நாளைக்குக் காலையில நீயும் வாடா, ஸ்டேண்டுல எல்லாருக்கும் ஒன்னக் காட்டணும்!"

கதவு கடகடவென்று மறுபடியும் மேலே போனது.